ரோச டெஸ்ட்

“கைநாட்டு வீட்டுப் புள்ள எழுதுதத எவன்ட்டி நம்புவான்?”

அக்கா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. நான் வணக்கம் சொல்லி முடித்திருக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில், கணினி விசைப்பலகைகளைப் பாகம் சேர்த்துப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றின் சோதனை அறை அது. அதற்கு அக்காதான் பொறுப்பு; ரிப்போர்ட் எழுதும் பயிற்சிக்கு நான் வந்திருந்தேன். பயிற்சிக்கு வரும் பெண்கள் வீட்டில் சம்மதக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். என் தாளில் அந்த இடத்தில் அப்பாவின் கட்டைவிரல் ரேகை நீல மையில் பதிந்திருந்தது. அக்கா அதை நகத்தால் லேசாகச் சுரண்டினார், ஒட்டிய அழுக்கைச் சுரண்டுவது போல.

“நான் பாலிடெக்னிக்ல ஃபர்ஸ்ட் கிளாஸுங்கக்கா.”

“நான் அதக் கேக்கல.”

“படிச்சுப் பாக்கறவங்க நம்புவாங்க.”

அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “உள்ள கெடக்கு ரோசம். வெளிய வர மாட்டேங்கு. வர வச்சிருவோம்” என்று தாளை நான்காக மடித்து டிராயரில் போட்டார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. எங்களுக்கு அக்கா. மேனேஜருக்கு ‘அந்தம்மா’. பிளாஸ்டிக் சப்ளை செய்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை எழுத முடியாது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி. ஆனால் கைமுட்டிகள் மட்டும் அந்த உடம்புக்குச் சொந்தமில்லாதவை போல அகலமாகக் கறுத்துக் காய்த்திருக்கும். இடது காது கேட்காது. யாரோ அறைந்ததில் போனது. யார் என்று கேட்டால் ஒருமுறை அப்பா என்பார், ஒருமுறை வாத்தியார் என்பார், ஒருமுறை தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை என்பார். மூன்றும் உண்மையாக இருக்கலாம் என்று பின்னால் எனக்குத் தோன்றியது. லாக்கரைக் காலால்தான் சாத்துவார். டீ குடித்த பேப்பர் கப்பை நசுக்காமல் குப்பையில் போட்டு நான் பார்த்ததில்லை.

நாங்கள் சோதித்தவை சாதாரணப் பலகைகள் அல்ல. வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கான குட்டிப் பலகைகள். வலது ஓரத்தில் எண்களுக்கென்று இருக்கும் தனிக் கட்டம் கிடையாது. மொத்தமே அறுபத்தொரு விசைகள். இரண்டு கையால் எடுத்தால் ஒரு செங்கல் அளவுக்குத்தான் தெரியும், கனமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு சுவிட்ச், அதற்குள் ஒரு சுருள்வில். எல்லாச் சுவிட்சுகளையும் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புத் தகடு. அதைச் சுற்றி பிளாஸ்டிக் சட்டம். சத்தம் போடும் நீல சுவிட்ச் அக்காவுக்குப் பிடிக்கும். “சத்தம் போடுதவன நம்பலாம்ட்டி” என்பார். கேட்கும் வலது காதைப் பலகையோடு ஒட்டிவைத்து, ஒவ்வொரு விசையாக அழுத்துவார். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழப்போகும் சுவிட்ச் எது என்று மெஷின் சொல்வதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவார்.

மெஷின் என்றால், ரப்பர் நுனி வைத்த இரும்புக் குச்சிகள் விசைகளைத் தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி. ‘விரல் மெஷின்’ என்போம். இத்தனை லட்சம் தட்டு என்று கணக்கு; தாங்கினால் பாஸ். கம்பெனித் தாள்களில் இருந்த சோதனை அவ்வளவுதான். அக்கா அதை மதித்ததே இல்லை.

“மெஷினுக்கு ஏதுட்டி ரோசம்? அது என்னைக்காச்சும் தோத்துருக்கா?”

அவர் நம்பியது அறை மூலையில் இருந்த ஒரு கிரேட்டை. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி அடுக்கும் அதே பிளாஸ்டிக் கிரேட். பெங்களூர் கேம் சென்டர்களிலிருந்து உடைந்து திரும்பி வந்த பலகைகள் அதில் கிடக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிணத்தைப் பார்க்கும் டாக்டர் மாதிரிப் புரட்டுவார்.

“இவன் இடது கைக்காரன். இந்தா, ஓரம் பூரா நசுங்கிருக்கு பாரு. இத செவத்துல அடிச்சிருக்கான். இது என்ன தெரியுதா?”

“கீறலுங்களா?”

“பல்லு. தோத்த கடுப்புல கடிச்சிருக்கு மூதி.”

தட்டித் தட்டித் தேய்ந்து திரும்பிவந்த பலகை ஒன்றுகூட அந்தக் கிரேட்டில் இல்லை. எல்லாமே அடிபட்டவை. ஆட்டத்தில் தோற்றவன் எதிரியை அடிக்க முடியாது. கைக்குக் கீழே இருப்பதைத்தான் அடிப்பான். அப்படியானால் அந்த அடியைத்தான் சோதிக்க வேண்டும் என்றார் அக்கா. சுத்தியலால் அடித்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். “கோவம் இல்லாத அடி ஒரு எடத்துல விழும். கோவத்துல அடிக்கிற அடி எங்க விழும்னு அடிக்கிறவனுக்கே தெரியாது” என்றார்.

ரோச டெஸ்ட் அப்படிப் பிறந்தது. எந்தத் தாளிலும் அது கிடையாது. இரும்பு மேசை, அதன்மேல் பலகை, எதிரே திரையில் துப்பாக்கிச் சண்டை ஆட்டம். எங்களில் ஒருத்தி உட்கார்ந்து ஆட வேண்டும். அக்கா பின்னால் நின்றுகொண்டு பேசுவார். அவள் எதைச் சொன்னால் துடிப்பாள் என்று எப்படியோ கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். ஆட்டத்தில் தோற்று, உள்ளே எரிந்து, கை தானாக ஓங்கும்போது, “நாலு அடி, எண்ணிக்கோ” என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். எத்தனையாவது அடியில் எந்த விசை தெறித்தது, ஸ்பேஸ்பாரின் கம்பி எப்போது விலகியது, சட்டம் எங்கே விரிந்தது. அக்கா எட்டாவதோடு நின்றவர். ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத அவருக்கு நான் வேண்டியிருந்தேன்.

அடி முடிந்ததும் அவரே தரையில் குனிந்து, தெறித்த விசைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, புடவைத் தலைப்பில் துடைத்து, அதனதன் இடத்தில் வைத்து அழுத்துவார். விழுந்த பற்களைத் திரும்ப வாயில் பொருத்துகிற மாதிரி அவ்வளவு மெதுவாக.

அத்திப்பள்ளியிலிருந்து கன்னடக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் சட்டம் கொண்டுவந்து கொடுப்பார். ஒருமுறை மூலைகள் மெலிசாக இருப்பதாக அக்கா சொன்னதற்கு, அவர் நாற்காலியில் சாய்ந்து, மேசைமேல் கையைப் பரப்பி வைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஏனு மேடம் இது, தினா ஒரு கம்ப்ளெய்ண்ட். எல்லாம் ஸ்ட்ராங்காத்தான் இருக்குது.”

“கைய எடும்வே.”

“எதுக்கு?”

அக்கா பலகையைத் தலைக்குமேல் தூக்கி இறக்கினார். அந்த ஆளின் விரல்களுக்கும் அது விழுந்த இடத்துக்கும் நடுவே மூன்று விரற்கடை இருந்திருக்கும். மூலை பிளந்து, ஒரு துண்டு பறந்து அவர் சட்டைப் பையில் விழுந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை. எடுக்க மறந்துபோயிருந்தார்.

“இப்பம் சொல்லும். ஸ்ட்ராங்கா?”

அடுத்த வாரம் வந்த சட்டங்களின் மூலை தடிமனாக இருந்தது. அவர் அதற்குப் பிறகு எங்கள் அறைக்குள் உட்கார்ந்ததே இல்லை.

இன்னொரு நாள் சாயங்காலம், பஸ் ஸ்டாண்டில் கெலமங்கலம் வண்டிக்காக நான் நின்றிருந்தேன். அக்காவும் வாடகை வீட்டுக்குப் போக அங்கேதான் டவுன் பஸ் ஏறுவார். கூட்ட நெரிசலில் ஒருவன் என் இடுப்பில் கைவைத்தான். நான் திரும்பி என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கம். அக்காவின் தோள்பையில் கழித்துப்போட்ட பலகை ஒன்று இருந்தது. அதை உருவி, அவன் வாயில் அகலவாக்கில் அறைந்தார். ரத்தமும் விசைகளும் சேர்ந்து தரையில் விழுந்தன. அவன் உட்கார்ந்துவிட்டான். இன்னொன்று கொடுக்கக் கை ஓங்கியவரை இரண்டு கண்டக்டர்கள் பிடித்து இழுத்தார்கள்.

மறுநாள் காலையில் அந்தப் பலகையைக் கணினியில் மாட்டி எல்லா விசைகளையும் அழுத்திப் பார்த்தார். “ஒண்ணுதான் வேல செய்யல. மூஞ்சி மெத்துனு இருக்கும்லா, அதான். நோட்டுல எழுதிக்கோ” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவர் என்ன சொன்னாலும் செய்வேன் என்று இருந்தேன். பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என்னிடம் மட்டும் ரோச டெஸ்ட் பல வாரம் பலிக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றால் பலகையை மரியாதையாகத் தட்டுவேன். என் நிறம், என் பஸ், என் டிஃபன் பாக்ஸ் என்று எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தார். நான் அசையவில்லை. இதற்கெல்லாம் கோபப்படாமல் இருந்துதான் நான் கல்லூரி முடித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறியது நான்தான் முதல். அப்பா கல் அறுக்கும் பட்டறையில். அம்மா கெலமங்கலம் பக்கத்தில் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிறாள்.

ஒரு திங்கட்கிழமை அக்கா என் பின்னால் வந்து நின்று, கத்தாமல், கேட்கிற குரலில் கேட்டார்:

“ஏட்டி, ஒங்கம்மா முள்ளுல கிழிச்ச கையோட போயி ரேக வச்சா, அந்தத் தாளுல மை தெரியுமா, ரத்தம் தெரியுமா?”

எத்தனை அடி அடித்தேன் என்று எனக்குத் தெரியாது. எண்ணியது அக்காதான். ஆறு என்றார். மேல்வரிசையில் நான்கு விசைகள் இல்லை. என் நடுவிரல் முட்டி தோலுரிந்து வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு சிவந்தது. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்கா தரையில் குனிந்து விசைகளைப் பொறுக்கிக்கொண்டே, “இப்பம் எழுது. இப்பந்தான் அதுக்கு எங்க வலிக்கும்னு ஒனக்குத் தெரியும்” என்றார்.

நான் எழுதியவற்றில் நல்ல ரிப்போர்ட் அதுதான். இதையும் எழுதிவிட வேண்டும்: அடித்தபோது எனக்குச் சுகமாக இருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு புது மாடல் வந்தது. முன்பைவிடச் சின்னது, மெலிசானது. ஒரு கேம் சென்டர் கம்பெனிக்கு நானூறு பலகைகள் பெட்டியில் ஏறி, லேபிள் ஒட்டி, லாரிக்குக் காத்திருந்தன. விரல் மெஷின் பாஸ் சொல்லிவிட்டது. ரோச டெஸ்ட் மட்டும் பாக்கி. அன்று உட்கார்ந்தவள் சுகுணா.

சுகுணாவுக்கு என் வயதுதான். எங்கள் ஊரிலிருந்து நாலு மைல் தள்ளித் தெலுங்கு பேசும் குடும்பம். கம்பெனியில் தமிழ்தான் பேசுவாள், பயந்தால் மட்டும் தெலுங்கு வந்துவிடும். வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை போடுவாள். ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கை கழுவும்போது மேலே ஏறும் துணிக்கடியில் அவள் புருஷன் தெரிவான்.

அக்கா அன்று சுற்றி வளைக்கவில்லை.

“இது கீபோர்டு இல்ல, கேட்டியா. ஒம் புருசன் மூஞ்சி.”

சுகுணா அடித்தாள். ஒன்று. இரண்டாவது அதைவிடப் பலமாக. மூன்றாவது அடிக்குப் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“வத்தக்கா” என்றாள். “வத்து.”

தெலுங்கு பேசும் தெருவை ஒட்டி வளர்ந்தவள் நான். வேண்டாம் அக்கா, வேண்டாம் என்கிறாள். என் பேனா தாளின் மேல் இருந்தது. சட்டத்தின் இடது பக்கம் மயிரிழை விரிந்திருப்பதை நான் பார்த்துவிட்டேன். நான்காவது அடியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் பேசவில்லை.

“அவன் ஒன்ன மூணோடயா விடுதான்?” என்றார் அக்கா.

சுகுணா எழுந்து நின்று, முஷ்டியின் பக்கவாட்டால், உலக்கை போடுவது போல இறக்கினாள். சட்டம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்த இரும்புத் தகடு ஒருபக்கம் அமுங்கி மறுபக்கம் எம்பியது. அதன் ஓரத்தை யாரும் மழுக்கியிருக்கவில்லை. கத்தி மாதிரி இருந்தது. அதன்மேல் அவள் கை முழுவேகத்தோடு இறங்கியது. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை வாய் திறந்தது. விசைகளுக்கு நடுவில் இருந்த இடுக்குகளில் ரத்தம் வரிவரியாக ஓடி நிரம்பியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுகுணா கத்தவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அக்கா என் துப்பட்டாவை இழுத்து அவள் கையைச் சுற்றி இறுக்கி, அவளை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்கு ஓடினார். அந்த ஒல்லி உடம்பில் எங்கே அந்தப் பலம் இருந்ததோ.

நரம்பு அறுந்திருந்தது. தைத்தார்கள். இரண்டு விரல்கள் இனி முழுதாக மடங்காது என்றார்கள்.

மறுநாள் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். பேசி முடித்து வந்தவர் என்னைத் தேடி கேன்டீன் பின்னால் தட்டுக் கழுவும் குழாய்க்கு வந்தார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

“ஏட்டி, ஸ்க்ரூ கழத்தும்போது கை வழுக்கிருச்சின்னு எழுதிரு.”

“அப்ப பலகை பாஸுங்களாக்கா?”

“பலகைய விடு.”

“நானூறு இருக்குதுங்க. அங்க சின்னப் பசங்க வந்து ஆடுவாங்க. அவங்களும் அடிப்பாங்க. நீங்கதான சொன்னீங்க.”

“அடிச்சதுல ஒடஞ்சுதுன்னு எழுதுனா, அடிக்கச் சொன்னது யாருன்னு கேப்பான்லா. எந்தத் தாளுல இருக்கு அந்த டெஸ்ட்டுன்னு கேப்பான்.” குழாயை மூடினார். மூடிய குழாயை மறுபடி இறுக்கினார். “எனக்குப் போக்கிடம் இல்லட்டி.”

சோதனை அறைக்குப் போய், அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, அந்த நானூறில் ஒரு பலகையை எடுத்து இரும்பு மேசைமேல் வைத்தேன். அக்கா பின்னாலேயே வந்திருந்தார். வேறு யாரும் இல்லை.

“நீங்க அடிங்கக்கா. நாலு அடி. உடையலைன்னா நீங்க சொன்ன மாதிரியே எழுதறேன்.”

அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முஷ்டியை ஓங்கினார். அந்தக் காய்த்த முட்டி காற்றில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் அவரிடம் கற்றதை அவருக்கே செய்தேன்.

“என்னாங்கக்கா, பயமா? சுகுணா கைன்னா எண்ணச் சொல்வீங்க. உங்க கைன்னா வலிக்குமா?”

கை இறங்கியது. பலகைமேல் இல்லை. என் இடது கன்னத்தில், காதைச் சேர்த்து.

நான் விரல் மெஷின்மேல் போய் விழுந்தேன். உதடு பல்லில் கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. மெஷின் நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தது, ஆனால் அந்தச் சத்தம் ஒரு பக்கத்துக் காதில்தான் கேட்டது. எழுந்து பார்த்தேன். மேசைமேல் பலகை அப்படியே கிடந்தது. அதன்மேல் ஓர் அடிகூட விழவில்லை. எனக்கு அது போதும். அக்கா ஒரு பலகையை அடிக்கப் பயந்தார் என்பதைவிடப் பெரிய ரிப்போர்ட் எதுவும் கிடையாது.

அதே பலகையைக் கணினியில் மாட்டி அதிலேயே தட்டச்சு செய்தேன். ரத்தம் ஒரு சொட்டு ஸ்பேஸ்பாரில் விழுந்தது, துடைத்துவிட்டுத் தொடர்ந்தேன். எல்லாவற்றையும் எழுதினேன். ரோச டெஸ்ட் என்றால் என்ன, அதைத் தொடங்கியது யார், ஏன். தகட்டின் ஓரம் மழுக்கப்படவில்லை என்பது. “வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. நான் நிறுத்தவில்லை” என்பது. அக்கா அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அச்செடுத்ததும், “தமிழ்ல வாசி” என்றார்.

வாசித்தேன். உதடு வீங்கியிருந்ததால் சில சொற்கள் சரியாக வரவில்லை.

“மூணாவது அடில ஒடஞ்சுதுன்னு எழுதிருக்க. நாலாவது.”

“மூணுலயே விரிசல் விட்டுச்சுங்க.”

“விட்டது மூணுல. ஒடஞ்சது நாலுல. ரெண்டையும் எழுது.”

திருத்தினேன்.

“அப்புறம், அவ வேண்டாம்னது ஒனக்கு மட்டும் புரிஞ்ச மாதிரி எழுதிருக்க. எனக்கும் புரிஞ்சுது. அதுக்குப் பாஷ வேணுமாக்கும்?”

அதையும் சேர்த்தேன். அக்கா பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினார். அழுத்திய அழுத்தில் கடைசி எழுத்தில் தாள் கிழிந்தது. ரிப்போர்ட் மேனேஜருக்குப் போனது. வாங்கும் கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பினேன். லாரி காலியாகத் திரும்பியது.

அக்கா மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் லாக்கரைக் காலி செய்ய வந்தபோது நான் விடுப்பில் இருந்தேன். காதுக்கு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு வாரத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் இப்போதும் விசைகளைச் சோதிக்கும்போது நான் வலது காதைத்தான் வைக்கிறேன், அது பழக்கமாகிவிட்டது. அவர் ஸ்ரீபெரும்புதூரில் இருப்பதாக ஒருத்தி சொன்னாள். ஊருக்கே போய்விட்டதாக இன்னொருத்தி. அவர் லாக்கர் கதவின் அடிப்பக்கம் உள்ள பள்ளம் அப்படியே இருக்கிறது.

என்னை அனுப்பிவிட மேனேஜருக்கு ஆசைதான். வாங்கும் கம்பெனி, அடுத்த சரக்குக்கும் என் கையெழுத்தோடுதான் ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டுவிட்டது. எவன் நம்புவான் என்று கேட்டவருக்கு இதைச் சொல்ல எனக்கு முகவரி கிடைக்கவில்லை.

சுகுணா இப்போது எங்கள் கம்பெனியிலேயே லேபிள் ஸ்கேன் செய்கிறாள், இடது கையால். புருஷனோடு இல்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது நானாகப் பேச்செடுத்தேன்.

“அக்கா மேல உனக்குக் கோவம் இருக்குதா?”

“அவங்க மேல எதுக்கு? நாலாவது அடில அவன் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சிச்சி.” மடங்காத விரல்களால் கப்பைப் பிடித்து ஊதினாள். “நான் வத்துன்னப்ப நீ நோட்டப் பாத்துட்டு இருந்தியே, அதுதான்.”

அவள் கப்பை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அக்கா போய் ஆறு வருஷமாகிறது. சோதனை அறைக்கு இப்போது நான் பொறுப்பு. ரோச டெஸ்டுக்குப் பதிலாக, உயரத்திலிருந்து எடைக்கல் விழும் சாதனம் ஒன்றை நானே வரைந்து செய்வித்தேன். யாருடைய கையும் வேண்டாம். தாளிலும் இருக்கிறது. ஆனால் போன மாதத்திலிருந்து தக்காளி கிரேட் மறுபடி நிரம்புகிறது. புதிதாக வந்த மெலிசான மாடல். எடைக்கல் பாஸ் போடுகிறது. கேம் சென்டர்களிலிருந்து உடைந்து வருகிறது. கல் ஒரே இடத்தில் விழுகிறது. அவர் சொன்னதுதான்.

நேற்று மேனேஜர் அறைக்கு வந்து கிரேட்டை எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, அந்தம்மா ஒண்ணு பண்ணுவாங்களே. க்ளவுஸ் கிளவுஸ் போட்டுட்டு, பாதுகாப்பா அத மறுபடி பண்ணிப் பாக்கலாமா? புதுசா வந்த பொண்ணுங்கள்ல யாரையாவது உக்கார வை.”

நான் கிரேட்டில் மேலாகக் கிடந்த பலகையை எடுத்து அவரிடம் நீட்டினேன். அது பெங்களூரிலிருந்து வந்தது அல்ல. அன்று காலையில் ஷிஃப்ட் பெண்கள் வருமுன் கதவை உள்ளே தாழிட்டு, தோல் கையுறையை மாட்டிக்கொண்டு நான் இரும்பு மேசை முன் உட்கார்ந்தேன். ஆட்டம் தேவைப்படவில்லை. பின்னால் நின்று பேச ஆளும் தேவைப்படவில்லை. கைநாட்டு வீட்டுப் புள்ள எழுதுதத எவன்ட்டி நம்புவான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், அவர் குரலில், அவர் ஊர்ப் பேச்சில். மூன்றாவது அடியில் விரிசல் விட்டது. நான்காவதில் உடைந்தது. இரண்டையும் எழுதி, எட்டரை மணிக்கே வாங்கும் கம்பெனிக்கு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். சோதித்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து, வீங்கிய கையால் போட்டதால் கொஞ்சம் கோணலாக இருக்கிறது.